வேர்ச்சொல் வழியே ஆங்கிலம்: மூன்றாண்டுக்குப் பின் என் நோட்டுப்புத்தகம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்த எனக்கு அன்றாட ஆங்கிலம் தடையாக இருந்ததில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்த பிறகுதான், கோப்புகளில் பத்திக்கு இரண்டு சொற்கள் பிடிபடாமல் நின்றன. அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்தவை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஆகவே லத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டு சொற்களைக் குடும்பமாகக் கற்கும் முறைக்கு மாறி, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு வேர் என எழுதத் தொடங்கினேன். இப்போது மூன்றாண்டுகள் ஆகின்றன.

பகுபதத்தைப் பகுதி, விகுதி, சந்தி என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ‘அஜார்’ (கற்பி) என்ற மலாய் அடிச்சொல்லிலிருந்து ‘மெங்ஙாஜார்’ (கற்பித்தல்), ‘பெலாஜாரான்’ (பாடம்) எல்லாம் பிறப்பதையும் பள்ளியிலேயே பார்த்துவிட்டோம். எதிர்மறை தரும் ‘இன்’ என்ற முன்னொட்டு ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என்று அடுத்து வரும் எழுத்துக்கேற்பத் திரிவதை, ‘மரம்’ என்பது ‘கள்’ விகுதியோடு சேர்ந்து ‘மரங்கள்’ ஆவதை அறிந்தவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்.

பலன் கண்கூடானது. நிரூபிக்கும் பொறுப்பைக் குறிக்க அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் ‘ஓனஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் சுமை என்று பொருள். அதை அறிந்ததும் ‘ஓனரஸ்’ என்பது பாரமானது என்றும், ‘எக்ஸோனரேட்’ என்பது பழிச்சுமையை இறக்கி விடுவிப்பது என்றும் தாமாக விளங்கின. இவற்றை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எனினும், இந்த முறையால் ஒருமுறை நன்றாக அவமானப்படவும் இருந்தேன். மந்தை என்று பொருள்படும் ‘கிரெக்ஸ்’ என்ற வேரிலிருந்து கூட்டத்தோடு பழகுபவரைக் குறிக்கும் ‘கிரெகேரியஸ்’, பிரித்து ஒதுக்குவதைக் குறிக்கும் ‘செக்ரிகேட்’ ஆகியவற்றைக் கற்றிருந்தேன். அதே குடும்பத்தின் ‘எக்ரீஜியஸ்’, மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்று பிரிந்தது. மூத்த வழக்கறிஞர் ஒருவரின் பிரிவுபசார மடலில், அவருடைய சேவையைப் புகழ அச்சொல்லையே பயன்படுத்தினேன். வரைவைப் படித்தவர் சிரித்துக்கொண்டே அச்சொல்லை அடித்துவிட்டார். ஒருகாலத்தில் பாராட்டாக வழங்கிய அச்சொல் இன்று வெட்கக்கேடான அளவுக்கு மோசமானது என்றே பொருள்படுகிறது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்ற சொல்லை வேரைக் காட்டி இன்று யாரிடமாவது பாராட்டாகச் சொல்ல முடியுமா? என் மொழியில் தெரிந்த எச்சரிக்கையை அடுத்த மொழியில் மறந்திருந்தேன்.

உருவ ஒற்றுமையும் ஏமாற்றும். ‘பெடஸ்ட்ரியன்’ என்ற சொல்லில் இருப்பது லத்தீன் பாதம். ‘பீடியாட்ரிக்ஸ்’ என்பதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. கீழ்நோக்கு என்று பொருள்தரும் ‘கேட்டா’ என்ற கிரேக்க முன்னொட்டை எழுதிய வாரத்தில், ‘கேட்டமரான்’ என்ற சொல்லையும் அப்பட்டியலில் சேர்த்திருந்தேன். அது நம் கட்டுமரம் என்று பிறகுதான் உறைத்தது. ஒரு தமிழன் செய்யத் தகாத பிழை!

அதிலிருந்து நோட்டின் இடப்பக்கத்தில் வேரும் குடும்பமும், வலப்பக்கத்தில் தீர்ப்பிலோ நாளிதழிலோ அச்சொல் வந்த முழு வாக்கியமும் எழுதுகிறேன். வாக்கியம் கிடைக்காத சொல்லை என் எழுத்தில் பயன்படுத்துவதில்லை. மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மியூயெட்டுக்குத் தயாராகும் அக்காள் மகள் நோட்டைக் கேட்டபோது, வாசிப்புத் தாளுக்கு இடப்பக்கம் போதும், எழுத்துத் தாளுக்கு வலப்பக்கத்தைத் தானே தேடி நிரப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நான்கு வாக்கியங்கள் சேர்த்திருக்கிறாள்.