எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா: டெல்டா அரிசி ஆலைக்காரர் யாரிடம் போவது?

சென்னையில் ஒரு கட்சி, டெல்லியில் வேறொரு கட்சி. இப்படி இருக்கும்போது தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆலைக்காரர் மனுவை யாரிடம் கொடுப்பது?

எம்.எல்.ஏ. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர். அரவைக்கு நெல் கொடுப்பது மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். அதனால் கூலி பாக்கி, மின் இணைப்பு, ஆலைக்குப் போகும் சாலை என்றால் அவரே போதும்.

ஈரப்பதம் வேறு கதை. கொள்முதல் நெல்லுக்கு 17 சதவீத வரம்பை வைத்திருப்பது மத்திய அரசு. குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் அந்த எண்தான் விவசாயி, ஆலைக்காரர் எல்லாருடைய வயிற்றையும் கலக்கும். மாநில அரசு தளர்வு கேட்டு எழுதும், மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுக்கும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். இங்கே எம்.பி.தான் பயன்படுவார். அவர் எதிர்வரிசையில் இருந்தாலும் மக்களவையில் கேள்வி கேட்கலாம், அமைச்சரின் பதில் அவைப் பதிவில் நிற்கும். அவர் கையில் தேதி, ஈரப்பத அளவு, மூட்டைக் கணக்கு மூன்றையும் கொடுங்கள். மனுவில் கட்சி வாடை வேண்டவே வேண்டாம்.

சரி, ஜி.எஸ்.டி.? 2022 ஜூலையில் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய சிப்ப அரிசிக்கு 5 சதவீதம் வந்தது. வரி விகிதத்தைப் பரிந்துரைக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் வாக்கில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. ஆகவே இரண்டு பேரையும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அறுவடைக்கு முன்பே சங்கமாகப் போய் இருவருக்கும் ஒரே மனுவைக் கொடுப்பேன். ஆளுக்கொரு மனு கொடுத்தால், பழியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது இருவருக்கும் எளிதாகிவிடும்.