கறுத்துப்போன படங்களோடு மூன்று வருடம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வீடு என்றால் அலுமாரிக்குள் பூட்டி வைத்த அல்பமும் ஈரம் குடிக்கும். அம்மாவிடம் இருக்கிற 1950கள், 60களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாமே தேயிலைச் சாயம் ஊற்றின மாதிரிப் பழுப்பாகி, இருட்டான இடங்களில் ஈயம் பூசினது போல மினுங்கும். அந்த மினுக்கம் அழுக்கில்லை, படத்துக்குள் இருக்கும் வெள்ளி மேலே கிளம்பி வந்தது. தேய்க்க வேண்டாம். நான் ஒன்றைத் தேய்த்துக் கெடுத்தேன்.

இந்தப் படங்களைத் திருத்தி எடுக்க முதலில் போனில் ஒரு ஏஐ ஆப் போட்டுப் பார்த்தேன். பத்து விநாடியில் அம்மம்மா பளிச்சென்று வந்தார், ஆனால் நாடியில் இருந்த மச்சத்தைக் காணோம், கண்ணும் வேறு யாருடையதோ. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆர் பிள்ளை இது?" என்றார். அதோடு அதை அழித்துவிட்டேன்.

பிறகுதான் சாதாரண ஸ்கேனரும், கணினியில் படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பும் (GIMP). கறுப்பு வெள்ளைதானே என்று கிரேயில் ஸ்கேன் செய்யாதீர்கள், கலரில் எடுங்கள், அப்போது படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக, அதாவது சேனலாக, விழும். ஏனென்றால் மஞ்சள் கறை நீல சேனலில்தான் அப்பிக்கொண்டு நிற்கும், சிவப்பு சேனலில் அநேகமாகத் தெரியாது. சேனல்களைக் கலந்து கறுப்பு வெள்ளையாக்கும் கிம்ப்பின் மோனோ மிக்ஸரில் சிவப்பை 1 ஆகவும் மற்ற இரண்டையும் 0 ஆகவும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் லெவல்ஸ், கேர்வ்ஸ். சின்னப் படங்களை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக, நிறத்துக்கு நிறையப் படிநிலை தரும் 16 பிட்டில் எடுத்தால் இருட்டை இழுத்து வெளிச்சமாக்கும்போது பட்டை பட்டையாக உடையாது. 3க்கு 2 அங்குலப் படமே 50 எம்பி தாண்டும், டிஸ்க் நிறைகிறது என்று வீட்டில் பேச்சும் விழும்.

கரைச்சல் இல்லாமல் இல்லை. ஒரு படத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது, அந்த வெள்ளி மினுக்கம் ஸ்கேனரில் சாம்பல் மூட்டமாக விழுகிறது. கலர்ப் படங்களில் சாயமே போய்விட்டால் இந்த வழி சரிவராது, என் பெற்றோரின் கல்யாணப் படங்கள் இன்னும் சிவந்தபடிதான் இருக்கின்றன.

ஆனால் போன மாதம் அப்பப்பாவின் படத்தில் இத்தனை வருடம் வெறும் கறுப்பென்று நினைத்த மூலையைக் கொஞ்சம் தூக்கினேன், சுவரில் சாய்த்து வைத்த ஒரு றலி சைக்கிள் வந்தது, ஹாண்டிலில் பை தொங்குகிறது. அது அப்பப்பாவுடையதா, பக்கத்து வீட்டு மாஸ்டருடையதா என்று அப்பாவும் மாமியும் இன்னும் போனில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.