சோறு, மூட்டை, பணம்: தாமிரபரணி வெள்ளத்தில் எது எப்போது?

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். வெள்ளம் வந்த முதல் மூன்று நாளுக்கு உள்ளூர் அடுப்பை எந்த நிவாரண அமைப்பும் முந்த முடியாது.

நூறு பேருக்கு 12 கிலோ அரிசி போதும். என்ன சமைப்பது என்பதில்தான் சறுக்கல். சாம்பார் சாதத்தைச் சுடச்சுட பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஆவி வேர்த்து, நாலு மணி நேரத்துக்குள் நூல்விடும். புளியோதரை தாங்கும்; அதையும் ஆறவைத்துத்தான் கட்ட வேண்டும்.

அமைப்புகளுக்குப் பிடித்தது மளிகை மூட்டை: அரிசி, பருப்பு, எண்ணெய். போட்டோவுக்கும் அதுதான் எடுப்பு. சிலிண்டர் மிதந்துபோய், விறகும் ஊறிக் கிடக்கும் வீட்டில் இரண்டாம் நாள் அரிசியை வைத்து என்ன செய்வது? மூட்டைக்கு நேரம் நாலாம் நாளிலிருந்து கடை திறக்கும் வரைதான். லாரியும் பாதை அகலம் உள்ளவரைதான் போகும். மெயின் ரோட்டு வீட்டுக்கு மூன்று மூட்டை, ஆற்றோரத்துக் கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை என்று ஆவது அதனால்தான். பாய், போர்வை, நாப்கின், மூடியுள்ள வாளி, குளோரின் மாத்திரை ஆகியவை ஏற்றப்படுவது குறைவு. அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடித்துப் போட்டு, அரை மணி நேரம் விட வேண்டும். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்பது பேரிடர் உதவிக்கான சர்வதேச ஸ்பியர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு. பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம். 2004 சுனாமியில் நாகையில் அது தெருவோரம் குவிந்து மக்கியதே!

கடை திறந்ததும் பணம்தான் மேல். அரசு கடுமையாகப் பாதித்த பகுதிகளுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை டோக்கன் போட்டு ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. அட்டை வேறு முகவரியில் உள்ள வாடகைக் குடித்தனமும் வெளிமாநிலத் தொழிலாளியும் இந்த முறையில் நழுவிவிடுவார்கள். பயிர் நிவாரணமும் அப்படித்தான். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 அறிவித்தார்கள். அடங்கலில் (யார் என்ன பயிரிடுகிறார் என்ற கிராமக் கணக்கில்) பெயர் ஏறாமல் கோயில், மடத்து நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் அதைக் கேட்கப் போனால் கையில் தாள் இல்லை. அமைப்புகளுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அரசு கொடுத்த அதே வீட்டுக்கு இன்னொரு மூட்டை இறக்குகிறார்கள்.

உள்ளூர்க் கையா, வெளியூர் அமைப்பா? ஜமாஅத், தேவாலயம், ஊர் கமிட்டிக்கு வேகம் உண்டு; ஆனால் தன் தெருவோடு நின்றுவிடும். சுனாமியில் மீனவர் பஞ்சாயத்து வழியே போன உதவி தலித் குடியிருப்புகளுக்கு எட்டாமல் போனது அப்போதே பதிவானது. வெளி அமைப்பிடம் தணிக்கை இருக்கும், தெரு தெரியாது. இரண்டையும் இணைக்கலாமென்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். தெருத் தெருவாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்கும் ஆளின் சம்பளமே அங்கே இடிக்கிறது.

நன்கொடை கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி போதும்: எந்தத் தெரு? பட்டியல் எடுத்தது யார்? வி.ஏ.ஓ. பட்டியலில் விடுபட்டவர்கள் அதில் எத்தனை பேர்?