.22 பிஸ்டலில் தோட்டா சிக்கினால்: துப்புரவா, பாகம் மாற்றலா?

.22 பிஸ்டலில் தோட்டா அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஏறாமல் முட்டும்போதும், சுட்டபின் மிஞ்சும் காலிக்கூடு தெறிக்காமல் ஸ்லைடில் (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) மாட்டும்போதும், துப்புரவு செய்து தோட்டா வகையை மாற்றிப் பார்ப்பதா, எக்ஸ்ட்ராக்டரையும் (கூட்டை அறையிலிருந்து இழுக்கும் நகம் போன்ற கொக்கி) அதன் ஸ்பிரிங்கையும் மாற்றுவதா எனச் சென்னையில் பயிற்சி செய்வோர் பலர் தயங்குகின்றனர்.

செலவு: துப்புரவுக்கு எண்ணெயும் தூரிகையும் துணியும் போதும், பாகங்களோ பெரும்பாலும் இறக்குமதி, காத்திருப்பு தனி.

எளிமை: முன்னதை, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி அறை காலி என்று கண்ணால் பார்த்த பின் வீட்டிலேயே செய்யலாம், பின்னதை உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

நீடிப்பு: ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகும் எரிந்த வெடிமருந்தின் கரியும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் மறுபடியும் படியும் என்பதால் துப்புரவு ஓயாத வேலை, நம் ஊர்க் கடற்காற்றில் துருவையும் கவனிக்க வேண்டும். புதிய நகமோ நெடுநாள் உழைக்கும்.

துடைத்ததும் கோளாறு மறைந்தால் செலவு வேண்டாம். மெதுவேகத் தோட்டாவில் மட்டும் ஸ்லைடு முழுதாகப் பின்செல்லாவிட்டால், முதலில் தோட்டாவை மாற்றுங்கள். சுத்தமான அறையிலும் கூடு தங்கினால், அல்லது தோட்டா இல்லாமல் காலியாகச் சுட்டுச் சுட்டு அறை விளிம்பில் சுடும் ஊசி பிசிறு எழுப்பியிருந்தால், பழுதுபார்ப்பவரிடம் செல்வதே சரி.