கூடத்துச் சுவரில் எந்தக் கப்பல்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் காலியாகக் கிடக்கிறது. அதில் அந்தக் காலத்துப் பெரிய பயணிகள் கப்பல் ஒன்றின் ஓவியத்தை மாட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு. ஒன்று, 'நார்மண்டி' என்ற பிரெஞ்சுக் கப்பலுக்குக் கசாந்தர் 1935இல் வரைந்த விளம்பரச் சுவரொட்டி. மற்றது, கென் மார்ஷல் வரைந்த டைட்டானிக் படங்களில் ஏதாவது ஒன்று. இன்னும் சிலரும் போட்டிக்கு வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம்.

முதலில் வெளியேறியவர் வில்லி ஸ்டூவர். 1912இல் டைட்டானிக் மூழ்கியதும் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்கு அவர் வரைந்த படம் இன்றுவரை எங்கும் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கப்பலின் மூக்கு தண்ணீருக்குள், பின்பக்கம் மேலே, முன்னால் உயிர்காப்புப் படகுகள். நான்காவது புகைபோக்கியிலிருந்தும் புகை வருகிறது. ஆனால் அந்தக் கப்பலின் 29 கொதிகலன்களின் புகையும் முதல் மூன்று புகைபோக்கிகள் வழியாகத்தான் போனது. நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக வைத்தது. செய்தி வந்த சூட்டில் வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் புகை ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் வேறெதுவும் தெரியமாட்டேன் என்கிறது.

அடுத்தவர் ஸ்டீபன் கார்டு. பெர்முடாக்காரர், கப்பல் தலைவராக இருந்து ஓவியரானவர். ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல்களில் மாடிப்படி ஓரங்களில் அவர் படங்கள்தான் தொங்குகின்றன. கப்பல் தண்ணீரில் எப்படி உட்காரும் என்பது தெரிந்த கை. ஆனால் அது மாலுமியின் கண். எனக்கோ கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனின் கப்பல் வேண்டும்.

நார்மன் வில்கின்சனைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனமில்லை. பிளைமவுத் துறைமுகத்தைக் காட்டும் அவருடைய ஓவியம் டைட்டானிக்கின் முதல் வகுப்புப் புகைபிடிக்கும் அறையில் மாட்டியிருந்தது; கப்பலோடு அதுவும் போனது. முதல் உலகப்போரில், 1917இல், கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரன் குழம்பும்படி அதன் மேலேயே கோணல்மாணலாகப் பட்டைகள் தீட்டும் யோசனையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். டைட்டானிக்கின் அக்காள் 'ஒலிம்பிக்'கும் அந்த வரிக்குதிரைக் கோலத்தில் ஓடியது.

சரி, இனி அந்த இருவர்.

கசாந்தரின் இயற்பெயர் அடோல்ஃப் மூரோன். கார்கிவ் நகரில் 1901இல் பிறந்து பாரிஸில் வளர்ந்த சுவரொட்டிக் கலைஞர். அவருக்குக் கிடைத்த நார்மண்டி சாதாரணக் கப்பல் அல்ல: நீளம் 1,029 அடி, கொள்ளளவு 79,000 டன்னுக்கு மேல். (கப்பல் கணக்கில் இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, உள்ளே இருக்கும் இடத்தைக் குறிக்கிறது.) நம் ஊர் அளவுகோலில் சொன்னால், அந்தக் காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ராஜுலா' சுமார் 8,500 டன். ஒன்பது ராஜுலாவை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு நார்மண்டி.

இத்தனை பெரிய கப்பலை ஒரு மீட்டர் உயரத் தாளில் எப்படிக் காட்டுவது? எல்லோரும் நீளத்தைக் காட்டத்தான் பார்ப்பார்கள். கசாந்தர் நீளத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். நேர் எதிரே, தண்ணீர் மட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். நடுவில் கத்தி முனை போல முகப்பு, இரண்டு பக்கமும் சரிசமமாக விரியும் கருத்த உடல், அதற்கு மேலே வெள்ளை, உச்சியில் கொஞ்சமாகச் சிவப்புப் புகைபோக்கி. 1,029 அடியில் ஓர் அடிகூடப் படத்தில் தெரியாது. அப்படி எதிரே நின்று பார்த்தவன் கதை சொல்லத் திரும்பி வந்திருக்கவும் மாட்டான்.

அந்தப் படத்தின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது ஒரு விபத்தால்தான். முதலில் வாங்கிய அச்சுப்படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். கைவசம் இருந்த சட்டத்துக்குப் பொருந்தவேண்டும் என்று கடைக்காரர் கீழே நாலு விரல்கடை வெட்டிவிட்டார். "எழுத்துதானே சார் போச்சு, கப்பல் முழுசா இருக்கு" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் படம் சப்பென்று இருந்தது. ஏதோ மேசைமேல் வைக்கும் பொம்மைக் கப்பல் மாதிரி. என்ன குறை என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. முகப்பின் அடியில், தண்ணீரை ஒட்டி, எள்ளைத் தூவியது போலச் சில பறவைகள் பறக்கும். எழுத்தோடு அவையும் போய்விட்டன. பறவை இருந்தால்தான் கப்பல் மலை. இல்லாவிட்டால் வெறும் முக்கோணம். 1931இல் 'அட்லாண்டிக்' கப்பலுக்கு வரைந்ததிலும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்: கட்டடம் போல ஒரு செவ்வகம், அதன் காலடியில் ஒரு சின்னஞ்சிறு இழுவைப் படகு. பெரியதைப் பெரிதாக வரைவதில் அவருக்கு அக்கறையே இல்லை, பக்கத்தில் சின்னது ஒன்றை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம்.

மார்ஷல் இதற்கு நேர் எதிர். கலிபோர்னியாக்காரர், 1950இல் பிறந்தவர், திரைப்படங்களுக்குப் பின்னணி ஓவியம் தீட்டிப் பழகியவர். அவருக்குச் சூட்சுமம் எல்லாம் வேண்டாம், ஆதாரம் வேண்டும். டைட்டானிக் என்று போட்டு இணையத்தில் சுற்றும் பழைய படங்களில் கணிசமானவை உண்மையில் ஒலிம்பிக். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: மேலே இருக்கும் நீண்ட உலாவுத் தளத்தைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் அது கடைசிவரை திறந்தே இருக்கும். டைட்டானிக்கில் முன்பாதியைச் சன்னல் வைத்து அடைத்திருப்பார்கள். மார்ஷல் படத்தில் இதெல்லாம் பிசகாது. மூழ்கும் இரவை வரைந்தால் நிலா இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு நிலா இல்லை. வெளிச்சம் என்றால் நட்சத்திரமும் கப்பலின் சொந்த விளக்குகளும்தான்.

ஆனால் என்னை அசைத்தவை கடலடிப் படங்கள். 1985 செப்டம்பரில் டைட்டானிக்கின் சிதைவைக் கண்டுபிடித்தபோது கப்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது. முழுசாகத்தான் மூழ்கியது என்று அதுவரை வரைந்த படங்கள் எல்லாம் அன்றோடு பொய்யாகின. கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர், கும்மிருட்டு. நீர்மூழ்கி எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் சில மீட்டருக்கு மேல் போகாது. ஆக அந்தக் காலத்துக் கேமராவுக்குக் கிடைத்தது ஒரு நங்கூரச் சங்கிலி, ஒரு கைப்பிடிக் கம்பி, துரு வழியும் ஒரு தகடு. இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மூக்கு சேற்றில் புதைய முன்பாதி முழுவதும் நிமிர்ந்து நிற்பதை ஒரே காட்சியாக வரைந்தவர் மார்ஷல். 2001இல் அவரே கீழே இறங்கியும் பார்த்துவிட்டு வந்தார். கீழே போனவர்கூட அந்தக் காட்சியை மொத்தமாகப் பார்த்திருக்க முடியாது.

அதாவது துல்லியத்துக்குப் பேர்போனவரும் யாரும் பார்க்க முடியாததைத்தான் வரைந்திருக்கிறார். இவருக்கும் கசாந்தருக்கும் இருக்கிற வித்தியாசம், அதற்குக் கொடுத்த விலை. கசாந்தர் விவரத்தையெல்லாம் விட்டு அங்கே போனார். மார்ஷல் ஒன்றுவிடாமல் சேர்த்துச் சேர்த்துப் போனார்.

எது உசத்தி என்று கேட்டால், ஓவியமாகக் கசாந்தர்தான். அந்தப் பறவைகளுக்கு ஈடான ஒரு கீற்றை மார்ஷல் படங்களில் நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் கப்பலின்மேல் பாசம் இருப்பவனுக்கு மார்ஷல். ஒவ்வொரு தகட்டையும் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தீட்ட வெறும் தொழில்திறமை போதாது.

அப்புறம் நடைமுறைச் சிக்கல்கள். எங்கள் கூடத்துச் சுவருக்கு எதிரே சன்னல். இருட்டான படத்தைக் கண்ணாடிக்குள் போட்டு அங்கே மாட்டினால் பகல் முழுக்கத் தெரிவது டைட்டானிக் அல்ல, எதிர்வீட்டு மொட்டைமாடித் துணிக்கொடி. சுவரொட்டியோ தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப் பிறந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் அறையும். மார்ஷலை ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துத்தான் பார்க்கவேண்டும். வருகிற விருந்தாளியை அப்படி நிற்கச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. 1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறையில் நார்மண்டியைப் போர்வீரர் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது, பற்றவைப்புப் பொறி பறந்து இலவம்பஞ்சு அடைத்த மிதவைச் சட்டைகளில் விழுந்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரின் பாரம் தாங்காமல் மறுநாள் விடியுமுன் கப்பல் பக்கவாட்டில் கவிழ்ந்தது. அப்புறம் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். டைட்டானிக்குக்காவது கடலடியில் ஓர் இடம் இருக்கிறது. போய்ப் பார்க்க நார்மண்டிக்கு அதுகூடக் கிடையாது.

ஆகவே கூடத்துச் சுவருக்கு நார்மண்டி. இந்தத் தடவை சட்டத்தைப் படத்துக்காகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், பறவைகளுக்குக் கீழே இரண்டு விரல்கடை கூடுதலாக விட்டு. மார்ஷல் புத்தகமாகவே இருக்கட்டும். ராத்திரி மேசை விளக்கடியில் விரித்துப் பார்க்க இழுப்பறையில் பூதக்கண்ணாடி இருக்கிறது.