சிஆர்டி யாருக்குக் கைகொடுக்கும்: ஈசிஜியை நம்புவதா, எக்கோவை நம்புவதா?

இதயம் பலவீனமான எல்லாருக்கும் சிஆர்டி எனப்படும் மூன்று வயர் பேஸ்மேக்கர் பலன் தருவதில்லை. வைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் வருவதில்லை. விலையும் பெரிது. ஆகவே யாருக்கு வேலை செய்யும் என்பதை முன்கூட்டியே கணிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

றோட்டிலிருந்து எங்கள் தோட்ட லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியிலேயே அப்பா நின்றுவிடுவார். மூச்சு வாங்கும். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் அதே நிலைதான். கருவி வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: கையிலிருந்த ஈசிஜி தாளை வைத்தே முடிவெடுப்பது, இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய் இதயச் சுவர்கள் எவ்வளவு முன்பின்னாக அசைகின்றன என்று அளக்கும் விசேஷ எக்கோ எடுத்துவிட்டு முடிவெடுப்பது. நாங்கள் ஈசிஜி பக்கம் நின்றோம்.

சாதாரண எக்கோவைப் பற்றி விவாதமே இல்லை. ஈ.எஃப்., அதாவது இடது கீழறையில் உள்ள இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற அளவு, 35 சதவீதமோ அதற்குக் குறைவோ என்று தெரிய அது எப்படியும் வேண்டும். கேள்வி அதற்கு மேலே செய்யும் நுணுக்க அளவீடுகளைப் பற்றியது. அந்தப் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. இடது பக்க மின்பாதை அடைபட்டால் இதயத்தின் நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது, வெளிச்சுவர் பிந்துகிறது. கருவி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூண்டி அந்தப் பிந்தலைச் சரிசெய்கிறது. அப்படியானால் பிந்தலையே கண்ணால் பார்ப்பதுதானே முறை?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளக்கும் கை மாறினால் எண்ணும் மாறிவிடுகிறது. 2008இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு 498 நோயாளிகளிடம் 12 எக்கோ அளவுகளைச் சோதித்தது. எவருக்குப் பலன் வரும் என்று நம்பிச் சொல்ல அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே பதிவை வேறு வேறு நிபுணர்கள் அளந்தபோது விடைகள் பெரிதாக வேறுபட்டன. 2013இல் வந்த எக்கோசிஆர்டி முடிவு இன்னும் கடுமையானது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்தூண்டல் பரவ எடுக்கும் நேரத்தைக் காட்டும் அலையின் அகலம்) 130 மில்லிசெக்கனுக்குக் குறைவாக இருந்தும், எக்கோவில் பிந்தல் தெரிந்த 809 பேருக்குக் கருவி வைத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் சிஆர்டியை இயக்கினார்கள். இயக்கியவர்களில் 11.1 சதவீதம் பேரும் இயக்காதவர்களில் 6.4 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. எக்கோவை மட்டும் நம்பினால் பலன் கிடைக்காமல் போவதோடு முடியாது, கேடும் வரலாம்.

ஈசிஜியை டிக்கோயாவில் எடுத்தாலும் கண்டியில் எடுத்தாலும் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெக்கன்தான். கண்டியில் டொக்டர் அப்பாவின் தாளை ஜன்னல் பக்கம் பிடித்து, பேனா முனையால் கட்டங்களைத் தொட்டு எண்ணினார். "பாருங்க ஐயா, நாலு கட்டம் முழுசா இருக்கு." அதாவது க்யூஆர்எஸ் 160 மில்லிசெக்கன். நெஞ்சில் ஒட்டும் வயர்களில் வி1இல் கோடு ஆழமாகக் கீழே இறங்கியிருந்தது. வி6இல் அகன்று, உச்சியில் மாட்டுக் கொம்பு போலப் பிளந்திருந்தது. ரிப்போர்ட்டில் எல்பிபிபி, அதாவது இடது பக்க மின்பாதை அடைப்பு, என்று எழுதுவது இதைத்தான். நானும் எண்ணிப் பார்த்தேன், எனக்கும் நாலுதான் வந்தது. மலையேறி இறங்கி ஆஸ்பத்திரிக்கு அலையும் எங்களைப் போன்றவர்களுக்கு, யார் பார்த்தாலும் அதே விடை தரும் பரிசோதனையைவிடப் பெரிய உதவி இல்லை.

2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதே வரிசையில்தான் போகிறது. மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் அறிகுறி மாறாமல், ஈ.எஃப். 35க்கு மேல் போகாமல், இயல்பான சீரான துடிப்போடு எல்பிபிபி இருந்து, க்யூஆர்எஸ் 150ஐத் தொட்டால் உறுதியான பரிந்துரை. 130இலிருந்து 149 வரை என்றால் யோசித்துச் செய்யலாம். 130க்குக் கீழே பொதுவாக வேண்டாம். அகன்ற க்யூஆர்எஸ் உள்ளவர்களை எடுத்துக்கொண்ட கேர்எச்எஃப் ஆய்வில் (2005, 813 பேர்) மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதமும் கருவியும் சேர்த்துக்கொண்டவர்களில் 20 சதவீதமும் இறந்தார்கள்.

ஈசிஜி எல்லாம் சொல்லிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய மாரடைப்பில் வெளிச்சுவர் தழும்பாகியிருந்தால், அங்கே போய்ச் சேரும் வயரால் அவ்வளவு பயன் இல்லை. அதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை என்பதால் அந்தப் பக்கம் எனக்கு அனுபவமில்லை. துடிப்பே தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களின் கதையும் வேறு. அப்புறம் பெண்கள். எல்பிபிபி இருந்தால் அவர்களுக்கு 130 முதல் 149க்குள்ளேயே நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆகவே கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் தாளில் 150 வரவில்லை என்று யாராவது கைவிரித்தால், இன்னொரு டொக்டரிடம் அதே தாளைக் காட்டுங்கள்.

கிளினிக் கொப்பியோடு ஈசிஜியின் ஃபோட்டோகொப்பி ஒன்றையும் வைத்திருங்கள். மூலத்தாள் நாளாக நாளாக மங்கிவிடும்.