எங்கள் ஊர்ப் பெயரில் பண்ணை முட்டை: கடைக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் நாற்பது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும் கோழிகள். வாரத்துக்கு மூன்று அட்டை, அதாவது 90 முட்டை சேர்வதே பெரிய காரியம். உமி பரப்பிய கூடையில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுபோவேன்.

சித்திரையில் அங்கே ஓர் இயற்கை அங்காடியில் பேசி முடித்தேன். எனக்கு முட்டைக்கு 12 ரூபாய். கடையில் விலை 20 ரூபாய். இரண்டு வாரம் கையோடு பணம் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம், "விற்றதும் மொத்தமாகத் தருகிறேன் அக்கா, எங்கே போய்விடப் போகிறேன்" என்றார் கடைக்காரர். எதையும் எழுதி வாங்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எட்டாம் வாரம் கணக்குக் கேட்டால், 540 முட்டையில் 180 கூமுட்டை என்று கழிக்கிறார். முட்டை வைத்திருந்த கண்ணாடி அலமாரியில் மேற்கு வெயில் நேராக விழுகிறது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு இருக்கும், சூடு பட்டால் உள்ளே ரத்த நரம்பு ஓடத் தொடங்கிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆகவே சில கெட்டிருக்கலாம். ஆனால் 180?

கெட்டதைக் காட்டுங்கள் என்றேன். மீதியைக் கொட்டிவிட்டோம் என்று இரண்டு அட்டையை மட்டும் எடுத்து வந்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது. அத்தனையும் ஒரே அளவு, ஒரே கரும்பழுப்பு, கைநிறையப் பெரிய முட்டைகள். எங்கள் கோழி முட்டை நாற்பது கிராம் இருந்தாலே அதிகம். ஒன்று சந்தன நிறம், ஒன்று இளம்பழுப்பு, ஒன்று சற்றே நீண்டிருக்கும். போதாததற்கு, அகன்ற முனையில் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுவது என் வழக்கம். அந்த அறுபதில் ஒன்றில்கூடப் பென்சில் குறி இல்லை.

பண்ணை முட்டையை எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய பலகையின் கீழ் விற்று, அதில் கெட்டுப்போனதை என் கணக்கில் எழுதியிருக்கிறார். குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் என்று தேடி வந்து காசு கொடுக்கிறவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. வாங்குகிறவர்களே, ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. பழுப்பாக இருப்பதாலேயே அது நாட்டு முட்டை ஆகாது.

கடைக்குக் கொடுக்கிறவர்கள் முட்டையை இறக்கும்போதே பணத்தை வாங்கிவிடுங்கள். கடன் சொன்னால் கூடையோடு திரும்பி வாருங்கள். எண்ணிக்கையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கெட்டது என்றால் உங்கள் குறி போட்ட அந்த முட்டையே திரும்ப வரவேண்டும். குறியைப் பென்சிலால் போடுங்கள். ஓட்டில் நுண்துளைகள் இருப்பதால் மை வேண்டாம்.

எனக்கு வரவேண்டிய 6,480 ரூபாயில் கைக்கு வந்தது 2,000. பலகையை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் என் நாத்தனார் அந்த வழியாகப் போயிருக்கிறாள். பலகை அப்படியே இருக்கிறதாம்; கீழே இரண்டு அட்டை முட்டையும் இருந்ததாம்.